கடைசிக் கதவுக்கு முன்னால் ஆறு பேர்

எனக்குப் பொறுமை கிடையாது. என் வீட்டுக்காரரிடம் கேட்டால் இதை இன்னும் விரிவாகச் சொல்வார். பஸ் பிந்தினால் டிரைவரை ஏசுவேன். குக்கர் விசில் பிந்தினால் குக்கரை ஏசுவேன். அப்படிப்பட்ட நான் போன மழைக்காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், சாப்பிட்ட கை காய்வதற்குள் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். விண்டோஸ் தொண்ணூற்றெட்டுக் காலத்து விளையாட்டு ஒன்றை, என் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக இருக்கிற லினக்ஸில் ஓட வைக்க வேண்டும். அது ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது. நானும் விடவில்லை.

அப்படி என்ன உயிர் போகிற விளையாட்டு என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடக்கிற விளையாட்டு. வழியில் வருகிறவர்களோடு பேச வேண்டும், பேச்சு முற்றினால் வாளை உருவ வேண்டும், கிடைத்ததை விற்று மருந்தும் கவசமும் வாங்க வேண்டும், இப்படியே போய்க் கடைசியில் ஒரு பெரிய வில்லனைச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான் என்றேன். உண்மையில் அவ்வளவு இல்லை. அந்த விளையாட்டை என் அண்ணனோடு சேர்ந்து விளையாடியிருந்தேன். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தன. அவன் வாயைத் திறக்க வைக்க என்னிடம் வேறு சாமான் எதுவும் இல்லை.

அப்போது எங்கள் அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. மேலே போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தோட்டமும் இருந்தது. கடைக்குப் பின்னால் காய் கொட்டி வைக்கிற அறை ஒன்று உண்டு. கணக்கெழுதுவதற்கு என்று அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அந்த அறையில் வைத்தார். கணக்கு எப்போதும்போலப் பேப்பரில்தான் ஓடியது. கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தி, சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைத்து, அதோடு மறந்துவிட்டார்கள்.

கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த மாமன் மகன் ஒருவன் லீவுக்கு வந்தபோது ஒரு பை நிறைய டிஸ்க் கொண்டு வந்து கொடுத்தான். கார் ஓட்டுகிற கேம் கேட்டால் இந்தப் பயல் எதையோ கொடுத்திருக்கிறான் என்று அண்ணன் முகத்தைச் சுளித்தான். ஒரு மழைநாளில் வேறு சோலி இல்லாமல் அதைப் போட்டுப் பார்த்தோம். அன்றைக்கு மாட்டிக்கொண்டதுதான்.

அண்ணன் பத்தாவதோடு நின்றவன். தமிழ் மீடியம். மண்டை இல்லாமல் இல்லை, தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் நின்றான். இங்கிலீஷில் எழுத்துத் தெரியும், கடைப் பலகைகளை வாசித்துவிடுவான், நாலு வரி சேர்ந்து வந்தால் விட்டுவிடுவான். இந்த விளையாட்டிலோ எடுத்ததற்கெல்லாம் பேச்சு. காவல்காரன் ஒரு பக்கம் பேசுவான், பிச்சைக்காரன் ரெண்டு பக்கம் பேசுவான். பேசி முடித்ததும் நாம் சொல்ல வேண்டிய பதில்கள் கீழே ஒன்று, ரெண்டு, மூன்று என்று நம்பர் போட்டு வரும். தப்பான நம்பரை அமுக்கினால் ஊரே வாளைத் தூக்கிக்கொண்டு துரத்தும்.

அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். சண்டை அவனுக்கு, பேச்சு எனக்கு. இருந்தது ஒரே நாற்காலி. அதில் அவன். பக்கத்தில் காலிச் சாக்குக் கட்டு. அதன் மேல் நான். திரையில் யாராவது வந்து நின்று எழுத்துப் பெட்டி திறந்ததும், மவுஸிலிருந்து கையை எடுக்காமல் என் பக்கம் தலையைச் சாய்ப்பான்.

"என்ன சொல்றான்?"

ராணி வந்து பேசினாலும் 'என்ன சொல்றான்'தான். பேய் பேசினாலும் அதேதான். நான் படித்துச் சொல்வேன். படித்ததை அப்படியேவா சொல்வேன்? என் வாய்க்கு அது அடங்காது. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து நீட்டி முழக்குவார். அதை நான் "வாங்கப்பு, வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல மோர் குடிங்க"ங்கிறார் என்று ஆரம்பிப்பேன். அண்ணன் திரையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான்.

"நெசமாவே அப்படிப் போட்ருக்கா?"

"பின்னே? நானா சொல்றேன்?"

அவனால் சரிபார்க்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே பதில் நம்பர் கேட்பான். அந்தச் சிரிப்புக்காகவே நான் புளுகினேன். அந்தக் கதை முழுக்க அவன் மண்டையில் போடித் தமிழில்தான் இருந்தது. மந்திரவாதிகள் மச்சான் முறை கொண்டாடினார்கள். பெரிய மிருகம் ஏதாவது வந்தால் பக்கத்துத் தேவாரம் ஊர்த் தோட்டத்தில் யானை இறங்கியது மாதிரி இருக்கே என்பான். பயப்படவே மாட்டான். தட்டுமுட்டைத் தட்டி விரட்டப் போகிறவன் மாதிரி மவுஸைப் பிடிப்பான். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சண்டை அப்படியே உறைந்து நிற்கும். அந்த நேரத்தில் ஆறு பேருக்கும் தனித்தனியாக வேலை சொல்வான். கோடாலிக்காரனை வாசலில் நிறுத்துவான், வில்லுக்காரியைத் திண்டின் மேல் ஏற்றுவான், மந்திரவாதிக் கிழவனைக் கடைசியில் ஒளித்து வைப்பான். மறுபடி தட்டினால் எல்லாம் ஒருசேர நடக்கும். எனக்கு அது இன்றைக்குவரைக்கும் வரவில்லை.

யாவாரத்தில் மட்டும் எங்கள் ரெண்டு பேருக்கும் புத்தி ஒன்று. ஒரே கடையில் ஒரே சாமானைத் திரும்பத் திரும்ப விற்றால் விலையைக் குறைத்துவிடுகிறான் என்று அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தான். ஒரே நாளில் எல்லோரும் லோடு இறக்கினால் விலை விழத்தானே செய்யும் என்று, கடையில் பார்த்ததை வைத்தே சொன்னான். அதுமுதல் சாமானைப் பிரித்து நாலு ஊரில் விற்றோம். அதுவரை சரி. அடுத்து செய்ததுதான் ஏலக்காய்க்காரன் வீட்டுப் பிள்ளைகள் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்யாத காரியம். காயம் ஆற்றுகிற மருந்துப் பாட்டில்களைக் குடிக்காமல் சேர்த்து வைத்தோம். விலை ஏறட்டும் என்று.

அந்த விளையாட்டில் எந்த விலையும் ஏறாது. அது எங்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் நம்பியிருக்க மாட்டோம். ஆறு பேரும் பை நிறையப் பாட்டில்களைச் சுமந்துகொண்டு, உடம்பெல்லாம் காயத்தோடு, ஊர் ஊராக நொண்டிக்கொண்டே நடந்தார்கள். ஒருமுறை கிழவன் சாகிற நிலையில் இருந்தபோது ஒன்றே ஒன்றை ஊற்றுவோம் என்று கெஞ்சினேன். இருக்கட்டும், பொறு என்றான். கிழவன் செத்தே போனான். சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.

சேமிப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்கு மாதம் ஒரு வைரஸ் வரும். பழுது பார்க்கிறவர் வந்து எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றிவிட்டுப் போவார். ரெண்டு தடவை எங்கள் ஆறு பேரும் அதோடு அழிந்தார்கள். அண்ணன் சாப்பிடாமல் கிடந்தான். அதற்குப் பிறகு எழுதுகிற டிஸ்க் வாங்கி, சேமித்த ஆட்டத்தை அதில் ஏற்றி வைக்கப் பழகினேன். நான் கம்ப்யூட்டர் படித்ததற்கு முதல் காரணம் அந்த டிஸ்க்தான், வேறு லட்சியம் எதுவும் இல்லை.

கடைசிக் கதவுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கதவுக்கு உள்ளே வில்லன் இருக்கிறான். ஆறு பேரும் வெளியே நிற்கிறார்கள். வீட்டில் ஜவுளியும் பாத்திரமுமாக ஆள் நடக்க இடமில்லை. இந்தச் சந்தடியில் வேண்டாம், கல்யாணம் முடிஞ்சு வா, நிதானமா முடிப்போம் என்று அண்ணன் அங்கேயே சேமித்தான். நான் டிஸ்கில் ஏற்றினேன். கல்யாணத்துக்கு மறுநாள் சீர்ப் பாத்திரங்களை ஏற்றும்போது அவனே அந்த டிஸ்க் பையைக் கொண்டுவந்து அண்டாவுக்குள் வைத்தான்.

"நீ கொண்டு போ பாப்பா. நீ இல்லாம எனக்கு யாரு படிச்சுச் சொல்லப் போறா?"

வீட்டுக்காரருக்கு வேலை ஓசூர்ப் பக்கம். வருடக்கணக்கில் அங்கேயே இருந்தோம். லீவுக்கு வரும்போது அண்ணன் தோட்டத்தில் இருப்பான், அல்லது எனக்குக் கைப்பிள்ளை இருக்கும். கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போனது. மதினி வந்தாள், அவர்களுக்குப் பிள்ளைகள் வந்தார்கள், அண்ணன் குடும்பத்தோடு மேலேயே தங்கிவிட்டான். நாங்கள் போடிக்கே திரும்பி வந்து, எனக்கு ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்த கொஞ்ச நாளில் அப்பா போய்ச் சேர்ந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பிள்ளைக்கு நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, சொத்து பிரிக்கும்போது அவள் வந்து எனக்கு எதுவும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போக வேண்டும். நான் போடமாட்டேன் என்றேன். சட்டம் கொடுத்த பங்கு, எனக்கு வேண்டும் என்றேன். சொந்தக்காரர்கள் வாயில் விழுந்து எழுந்தேன். கேட்டது சரி. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதையெல்லாம் முறையாகச் செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் தரப்பில் ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். அவர் வழக்கம்போல ஒரு நோட்டீஸ் அனுப்பினார்.

பெரிய சண்டை வரும் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு காத்திருந்தேன். சண்டை வரவில்லை. அண்ணன் நேராகப் பத்திர ஆபீசுக்கு வந்தான். ஊற்றுத் தண்ணி இருக்கிற நல்ல சரிவாகப் பார்த்து எனக்கு எழுதி வைத்தான். கையெழுத்துப் போட்டான், என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனான். அதோடு பேச்சு நின்றது. போன் செய்தால் மதினிதான் எடுப்பாள். பொங்கலுக்குச் சீர் மட்டும் தவறாமல் வரும். அரிசி, வெல்லம், கரும்பு, சேலை, முதல் தரமாகப் பொறுக்கிய ஏலக்காய் ஒரு பொட்டலம். எல்லாம் தோட்டத்து ஜீப்பில் வந்து இறங்கும். கொண்டுவர வேண்டியவன் வரமாட்டான். ஏசினால் திருப்பி ஏசலாம், வாயே திறக்காதவனை என்ன செய்வது? ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் கரும்பைப் பார்த்து அழுதேன்.

போன வருடம் அண்டாவை விளக்க எடுத்தபோது டிஸ்க் பை கையில் அகப்பட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

டிஸ்குகளில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. என் லேப்டாப்பில் டிஸ்க் போடுகிற இடமே கிடையாது. லேபில் ஓரங்கட்டிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டு நகல் எடுத்தேன். லினக்ஸில் ஒரு கட்டளை இருக்கிறது. படிக்க முடியாத இடத்தை விட்டுவிட்டு மேலே போகும், பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து படித்துப் பார்க்கும். என்னைவிடப் பொறுமைசாலி. மூன்றாவது டிஸ்கோடு அது ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டி, கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டது.

அடுத்தது வைன். லினக்ஸில் விண்டோஸ் புரோகிராமை ஓட்டுவதற்கான சாமான். விண்டோஸுக்குள் இருப்பதாக அந்தப் பழைய விளையாட்டு நினைத்துக்கொண்டு எதையாவது கேட்கும். அதை வைன் லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லி, பதிலை வாங்கிக் கொடுக்கும். நான் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து பார்த்த அதே உத்தியோகம்தான். வைன் ஏறவில்லை, வைன் ஏறவில்லை என்று நான் நடுவீட்டில் நின்று புலம்பியபோது, கொஞ்சம் மெதுவாகச் சொல், பக்கத்து வீட்டில் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள் என்றார் வீட்டுக்காரர்.

உயிரை வாங்கிவிட்டது. முதலில், பழைய முப்பத்திரண்டு பிட் சமாச்சாரங்கள் இல்லை என்று கையை விரித்தது. ஏற்றினேன். பிறகு டிஸ்கைப் போடு என்றது. நகலைக் காட்டி, இதுதானப்பா டிஸ்க் என்று நம்ப வைத்தேன். பிறகு ஆரம்பத்தில் வருகிற படக்காட்சியில் திரை கறுத்து அப்படியே செத்துக் கிடந்தது. அந்தப் படங்கள் இருக்கிற ஃபோல்டரையே வேறு இடத்துக்குத் தூக்கிப் போட்டேன். பிறகு எல்லோர் முகமும் பச்சையாக வந்தது. என் திரையும் சுருங்கி, ஐகான்கள் எல்லாம் ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொண்டன. இணையத்தில் தேடினால், எந்த நாட்டுக்காரனோ பல வருடம் முன்பு இதே தொல்லையை எழுதிவிட்டு, அடியில், 'சரியாகிவிட்டது, நன்றி' என்று முடித்திருந்தான். எப்படிச் சரியாயிற்று என்று எழுதவில்லை. அவன் நல்லா இருக்கட்டும். கடைசியில், விளையாட்டைத் தனியாக ஒரு சின்ன ஜன்னலுக்குள் ஓடு என்று வைனின் அமைப்பில் ஒரு இடத்தில் குறி போட்டேன். அது கேட்டுக்கொண்டது.

அந்தச் சின்ன ஜன்னலுக்குள் பழைய பாட்டு ஆரம்பித்ததும் எனக்கு எதுவும் ஓடவில்லை. காய் மணமும் நனைந்த சாக்கு வாடையும் மூக்கில் ஏறியது. சேமித்த ஆட்டத்தை ஏற்றினேன். கடைசிக் கதவுக்கு முன்னால் ஆறு பேரும் அப்படியே நின்றிருந்தார்கள். கோடாலிக்காரன் தோளை ஆட்டிக்கொண்டு, கிழவன் கடைசியில் ஒளிந்துகொண்டு, பை நிறைய மருந்தோடு. ஓவென்று அழுதேன். யார் வீட்டில் என்ன என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

கதவைத் திறந்தேன். வில்லன் பேசியதையெல்லாம் அவசரமாகத் தள்ளிவிட்டேன். சண்டை தொடங்கி, ஸ்பேஸ் பார் எங்கே என்று நான் தேடுவதற்குள் ஆறு பேரும் செத்துப் போனார்கள். மறுபடி போனேன், மறுபடி செத்தார்கள். வீட்டுக்காரர் ஒரு கை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார், இன்னும் வெரசாகச் செத்தார்கள். சண்டையைச் சுலபமாக்கிக்கொள்ள ஒரு வழி உண்டு, ஒரு பட்டனை நகர்த்தினால் போதும். அண்ணனுக்குத் தெரிந்தால் காறித் துப்புவான். நகர்த்தவில்லை.

ஆறு பேரும் செத்துக் கிடக்கிற திரையைப் போட்டோ எடுத்து மதினியின் போனுக்கு அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை. பதில் வரவில்லை. காட்டியிருப்பாள், திரும்பிக்கொண்டிருப்பான் என்று நினைத்து வயிறெரிந்தேன்.

அந்த வாரக் கடைசியில் தோட்டத்து ஜீப்பு எங்கள் வாசலில் வந்து நின்றது. டிரைவர் தங்கமான ஆள். அப்பா காலத்திலிருந்து ஓட்டுகிறவர், என்னைவிடச் சின்னவர். வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றார்.

"அக்கா, மொதலாளி ஒண்ணு சொல்லச் சொன்னாரு. எனக்கு என்னமோ சரியாப் படல." குரலைத் தாழ்த்தினார். "கோடாலிக்காரனை வாசல்ல நிறுத்தணுமாம். கெழவனை முன்னாடி விடக் கூடாதாம். கதவு தெறந்த ஒடனே எண்ணெயை ஊத்திக் கொளுத்தணுமாம். யாரு வீட்டையக்கா?"

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூச்சு முட்டியது. அவர் இன்னும் பயந்துபோனார். இது கம்ப்யூட்டர் விளையாட்டு என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியாது. சொன்னபடி கொளுத்திப் பார்த்தேன். மறுமுறை அவர் வந்தபோது, கொளுத்தியாச்சு, நம்ம ஆட்களும் சேர்ந்து எரிந்து போனார்கள், இப்போது என்ன செய்ய என்று அண்ணனிடம் கேட்கச் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு போனார். இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஆளை முன்னால் தள்ளு என்று ஒரு சேதி, அந்த இடத்தில் நின்றால் கல் விழுகிறது என்று ஒரு பதில். மருந்தை எல்லாம் எடுத்துக் குடிக்கச் சொல், இனி எந்தச் சந்தைக்குச் சேர்த்து வைக்கிறாள் என்று ஒருமுறை சொல்லி அனுப்பியிருந்தான். அன்றைக்கு நான் சமைக்கவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டோம். ஆனாலும் டிரைவரிடம்தான் சொல்லி அனுப்பினான். போனைக் கொடு என்று மதினியிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கடைசியில் டிரைவர்தான் கையைத் தூக்கிவிட்டார்.

"இந்தச் சோலிக்கு இனி நான் ஆளில்லக்கா. நேத்து நான் ஒங்க பதிலை மறந்துரக் கூடாதுன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு ஓட்டுனேன். ரெண்டு பேரைக் குத்தியாச்சு, ஒருத்தன் பாக்கின்னு. பக்கத்துல இருந்த அம்மா பாதியிலயே எறங்கிருச்சு. நாளைக்குக் காலையில வண்டி போகுது, நீங்களே வந்து சொல்லிக்கங்க."

ராத்திரியெல்லாம் யோசிக்கிற ஆள் நான் இல்லை. காலையில் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். அண்ணனுக்கு லேப்டாப்பில் விரலால் தேய்ப்பது பிடிக்காது என்று தெரியும், அதனால் ஒரு மவுஸும் எடுத்துக்கொண்டேன். பின்னால் காய் எடுக்கப் போகிற பெண்கள். ஒவ்வொரு வளைவிலும் லேப்டாப்பின் மூலை பக்கத்திலிருந்த அம்மாவின் முழங்காலில் இடித்தது. வலிக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம், பரவாயில்லை என்பதை மலையாளத்தில் சாரமில்ல, சாரமில்ல என்றார். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. அவன் இன்றைக்கும் பேசாவிட்டால் அப்புறம் இந்த மலையை ஏறவே மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் ஸ்டோரில் இருந்தான். காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சல்லடையில் காய் சலித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். சல்லடை ஒரு நொடி நின்று மறுபடி ஆடியது. மதினி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் காப்பி கொடுத்தாள். காய் பொறுக்குகிற மேசையில் ஒரு ஓரத்தை ஒதுக்கி லேப்டாப்பை வைத்தேன். மவுஸைச் சொருகினேன். அதற்கு நேராக நாற்காலியைப் போட்டேன். மூலையில் காலிச் சாக்குக் கட்டு கிடந்தது. அதை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தேன்.

பாட்டு கேட்டது. சல்லடைச் சத்தம் நின்றது. கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் ஆறு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பைகளைத் திறந்து மருந்தை எல்லோருக்கும் பங்கு பிரித்தான். கிழவனைப் பின்னால் இழுத்தான். வில்லுக்காரியை ஓரமாக ஏற்றினான். அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதோரம் முடி நரைத்திருந்தது. பிறகு கதவைத் தட்டினான். வில்லன் வந்து நின்றான், எழுத்துப் பெட்டி திறந்தது. பெட்டி நிறைய இங்கிலீஷ்.

அண்ணன் கை நின்றது. உலர்த்துகிற மெஷினின் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. நானாகவே படிக்க ஆரம்பித்திருக்கலாம். மாட்டேன். கேட்கட்டும். பிடிவாதத்தில் ரெண்டு பேரும் ஒரே அப்பன் பிள்ளைகள். அவன் திரையைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் போயிற்றோ, மவுஸிலிருந்து கையை எடுக்காமல் தலையை என் பக்கம் லேசாகச் சாய்த்தான்.

"என்ன சொல்றான்?"

வில்லன் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"'ஒந் தங்கச்சி பங்கு கேட்டதுக்கா இத்தனை வருசம் பேசாம இருந்தே'ன்னு கேக்குறான்."

அவன் திரும்பவில்லை.

"நெசமாவே அப்படிப் போட்ருக்கா?"

"அப்படித்தான் போட்ருக்கு."

மவுஸை மேசையில் மெதுவாக முன்னும் பின்னும் உருட்டினான். பிறகு திரையைப் பார்த்தே பேசினான்.

"பங்குக்கு இல்லேன்னு சொல்லு. நேர்ல வந்து குடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா மேக்கால சரிவையும் சேத்துக் குடுத்திருப்பேன். நோட்டீசு வந்துச்சு. முழுக்க இங்கிலீசு. அதுல ஒம் பேரு மட்டுந்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. அதைத் தூக்கிக்கிட்டு மெட்டுல டீக்கடைக்குப் போனேன். பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த எவன்கிட்டயோ நீட்டி, இது என்ன சொல்லுதுன்னு கேட்டேன். கடையில அத்தனை பேரும் கேட்டுக்கிட்டு இருந்தாக." மவுஸிலிருந்து கையை எடுத்தான். "எனக்குப் படிக்க வராதுன்னு ஒனக்குத் தெரியும்ல."

நோட்டீஸ் இங்கிலீஷில் போனது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. வக்கீல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். பங்கைப் பற்றி, சட்டத்தைப் பற்றி, சொந்தக்காரர்களின் பேச்சைப் பற்றி எத்தனையோ நாள் மனதுக்குள் வாதாடியிருக்கிறேன். அந்தக் காகிதத்தை அவனுக்கு யார் படித்துச் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. டீக்கடையில் அவன் நின்ற நிற்பு கண்ணில் வந்தது. சாக்குக் கட்டின் மேலேயே குனிந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அப்பா இறந்ததற்குக்கூட நான் அப்படி அழுததில்லை. மதினி வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனாள்.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டான். அதில் காய் மணம் அடித்தது.

"அழுகாத பாப்பா," என்றான். "இப்ப அவன் நெசமா என்ன சொல்றான், அதைப் படி."

முகத்தைத் துடைத்துக்கொண்டு சாக்குக் கட்டை நாற்காலிக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டேன். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். மோரும் இல்லை, மச்சான் முறையும் இல்லை. திரையில் இருந்ததை இருந்தபடி, நானாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல், அவனுக்குப் படித்துச் சொன்னேன்.